மறுபதிப்பில் திரும்பாத குரல்

1957 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ், லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி ஆயுதப் படையை நிறுத்தினார். கறுப்பின ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் அந்த ஆளுநரை எள்ளி ஓர் இசை அமைத்தார். 1959இல் கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்தின் இசைத்தட்டில் அது வந்தபோது அதில் சொல் ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டு, கேண்டிட் என்ற சிறு நிறுவனத்துக்காக நால்வர் மட்டும் கூடி அதை மீண்டும் பதிந்தார்கள். டிரம்பெட், சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ்; பியானோகூடக் கிடையாது. அதில் பேஸ் வாசிக்கும் மிங்கஸ் குரல் கொடுத்துக் கேட்கிறார். டிரம்ஸ் வாசிக்கும் டேனி ரிச்மண்ட் ஆளுநரின் பெயரைச் சொல்லிப் பதில் தருகிறார்.

கொலம்பியா தட்டில், நேரம் கருதி வெட்டப்பட்ட வாசிப்புகளைப் பிற்காலக் குறுந்தகட்டுப் பதிப்பு திரும்பச் சேர்த்தது. ஒலியும் துலங்கியது. ஆனால் பதியப்படாத குரலை எந்தத் தொழில்நுட்பமும் மீட்டுத் தராது. அந்தக் குரலைக் காத்தது சிறு நிறுவனத்தின் தட்டுதான்.

ஆகவே மறுபதிப்பு ஒன்றைக் கையில் எடுக்கும்போது, எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். யாருடைய சொல் அதில் இல்லை என்றும் கேளுங்கள்.