பட்ஜெட்டில் 2210 என்பது எதைக் குறிக்கிறது? துறையின் பெயரால் அன்றிப் பணியின் பெயரால் எழுதப்படும் அரசுக் கணக்கு

அரசு மருத்துவமனைக்குப் பொதுப்பணித் துறை கட்டடம் எழுப்புகிறது. மருத்துவர்களுக்குச் சுகாதாரத் துறை ஊதியம் வழங்குகிறது. அவ்வாறெனில், மக்களின் மருத்துவத்துக்கு அரசு செலவிட்ட மொத்தத் தொகை எவ்வளவு? துறைவாரியாக மட்டும் கணக்கு எழுதினால் இதற்கு முழு விடை கிடைக்காது. இதனாலேயே மத்திய, மாநில அரசுகளின் செலவுகள் பணியின் அடிப்படையில் வகைப்படுத்தப்படுகின்றன.

இம்முறை 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் 150-வது பிரிவின்படி, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) ஆலோசனையின் பேரில் கணக்குகளின் வடிவத்தைக் குடியரசுத் தலைவர் நிர்ணயிக்கிறார்.

எண்களின் பொருள்

ஒவ்வொரு செலவுக்கும் ஆறு அடுக்குகளில் 15 இலக்கக் குறியீடு உண்டு. முதல் நான்கு இலக்கங்களான 'பெருந்தலைப்பு' பணியைக் குறிக்கும். 2055 காவல், 2202 பொதுக் கல்வி, 2210 மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதாரம். பெருந்தலைப்பின் முதல் இலக்கம் செலவின் தன்மையைக் காட்டும். மருத்துவர் ஊதியம் வருவாய்ச் செலவாக 2210-இலும், மருத்துவமனைக் கட்டடம் மூலதனச் செலவாக 4210-இலும் பதிவாகும். கட்டியது பொதுப்பணித் துறையாயினும் செலவு மருத்துவத்தின் கணக்கிலேயே சேரும்.

பயன் என்ன?

இந்த எண்கள் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானவை. எனவே, துறைகளின் பெயர்களும் பொறுப்புகளும் வேறுபட்டாலும் பீகாரின் கல்விச் செலவைக் கேரளத்துடன் ஒப்பிட இயலும். 2020-இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் கல்வி அமைச்சகமாகப் பெயர் மாறியபோதும் 2202 மாறவில்லை.

எனினும், நாடாளுமன்றமும் சட்டப்பேரவைகளும் துறைவாரியான மானியக் கோரிக்கைகள் மீதே வாக்களிக்கின்றன. நிதிக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை மானியக் கோரிக்கையும், நிதி எதற்குச் சென்றது என்பதைப் பெருந்தலைப்பும் உணர்த்துகின்றன.

குறை எங்கே?

உரிய தலைப்பு இல்லாத செலவுகளுக்காக '800 – இதர செலவுகள்' என்ற சிறுதலைப்பு உள்ளது. உரிய தலைப்பு இருந்தும் பெருந்தொகைகள் இதன்கீழ் எழுதப்படுவதை மாநில நிதிநிலை குறித்த சிஏஜி அறிக்கைகள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளன. அவ்வாறு எழுதப்படும் தொகை எந்தத் திட்டத்துக்குப் பயன்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரிவதில்லை. எனவே, பட்ஜெட் ஆவணத்தைப் புரட்டும் வாசகர், துறைக்கான மொத்த ஒதுக்கீட்டுடன் 800-இன் கீழுள்ள தொகையையும் கவனிப்பது அவசியம்.