நிக்கோடெமஸ்: வாக்குரிமையும் இருப்புப் பாதையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் புறத்துப் படத்தை நோக்குவோர்க்கு ஓர் உண்மை உடன் புலனாகும். அங்கே நிலத்தை வகுத்தவை ஆறும் குன்றும் அல்ல, அளவைக்காரனின் சங்கிலியே. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம், பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரங்களாக நாட்டைக் கூறிட்டது. ‘ரவுன்ஷிப்’ எனப்பட்ட அச்சதுரம் ஒவ்வொன்றும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாயிற்று. அவற்றுள் 16ஆம் பிரிவு பாடசாலைக்கென ஒதுக்கப்பட்டது. கல்விக்கு இடமளித்த இதே ஏற்பாடுதான், ஆதிக்குடிகளின் மண்ணை விற்பனைப் பண்டமாகவும் ஆக்கியது. காலப்போக்கில் பல மாநிலங்களில் ‘ரவுன்ஷிப்’ என்பது உள்ளூராட்சியின் அடிநிலை அலகுக்கும் பெயராயிற்று. இவ்வூர்வட்டங்களைச் சனநாயகத்தின் தொட்டில் எனப் போற்றுவோர் உளர். அக்கூற்றின் மெய்ம்மையைக் கன்சாஸ் மாநிலத்து நிக்கோடெமஸ் ஊர்வட்டத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1877ஆம் ஆண்டு தென் மாநிலங்களிலிருந்து கூட்டாட்சிப் படைகள் மீட்கப்பட்டன. அடிமைத்தளை நீங்கிய மக்கள் பழைய பண்ணை முதலாளிகளின் கொடுமைக்கு மீண்டும் கையளிக்கப்பட்டனர். அதே ஆண்டில் கென்டக்கியிலிருந்து சில நூறு கறுப்பின மக்கள், சொலமன் ஆற்றின் தென்கிளையையடுத்த புல்வெளியில் வந்து குடியேறினர். 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் 160 ஏக்கர் காணியைப் பெற வழி செய்திருந்தது. சொந்த நிலம் என்ற ஒரே நம்பிக்கை அவர்களை இழுத்துவந்தது. ஆனால் அங்கே வீடு கட்ட மரம் இல்லை. மண்ணைக் குடைந்து, அக்குழிகளிலேயே முதற் குளிர்காலத்தைக் கழித்தனர். ஒசேஜ் குடியினர் உணவளித்து உதவினர் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. நிலமிழந்தோர் நிலமற்றோர்க்கு ஈந்த அவ்வுணவு சிந்தனைக்குரியது.

இடருக்கிடையிலும் ஊர் வளர்ந்தது. பாடசாலை, கோவில்கள், விடுதி, வங்கி, கடைகள், இரண்டு பத்திரிகைகள் என யாவும் பத்தாண்டுக்குள் தோன்றின. ஊரவராகிய எட்வேர்ட் மக்கேப், 1882இல் மாநிலக் கணக்காய்வாளராகவே தெரிவு செய்யப்பட்டார். தென்னாட்டில் தம் இனத்தவரின் வாக்குரிமை பறிக்கப்பட்ட காலத்தில், இங்கே அவர்கள் தம்மைத் தாமே ஆண்டனர்.

எனினும் விளைந்த தானியம் சந்தையை அடையப் புகையிரதப் பாதை வேண்டும். 1887இல் ஊர்வட்டத்து வாக்காளர், மிசூரி பசிபிக் கம்பனியை ஈர்க்கும் பொருட்டு 16,000 டொலர் பெறுமதியான கடன் பத்திரங்களை வழங்க இசைந்தனர். வறிய உழவர் தம் எதிர்காலத்தையே ஈடு வைத்தனர் எனலாம். ஆயினும் கம்பனி வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக்கின் பாதை ஆற்றுக்குத் தெற்கே சென்றது. வணிகர் தம் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு பாதையை நாடிப் போயினர். எந்த ஊர் வாழ்வது, எந்த ஊர் தேய்வது என்பதைத் தீர்மானித்தது ஊரவர் வாக்கன்று. எங்கோ இருந்த பங்குதாரரின் இலாபக் கணக்கே.

கன்சாஸில் ஊர்வட்டச் சபை ஒரு தலைவர், ஓர் எழுத்தர், ஒரு பொருளாளர் ஆகிய மூவரைக் கொண்டது. வீதியும் மயானமும் அதன் பொறுப்புக்குரியன. புகையிரதமும் வங்கியும் தானியத்தின் விலையும் அதன் கைக்கு எட்டாதவை. உள்ளூராட்சி இழிந்தது என்பதன்று இதன் பொருள். பொருளாதார அதிகாரம் பிறர்கையில் இருக்கும்வரை அரசியல் உரிமை அரைகுறையானதே என்பதுதான்.

ஆயினும் நிக்கோடெமஸ் அழிந்துவிடவில்லை. வறட்சியும் பொருளாதார மந்தமும் வாட்டிய காலத்தின் பின், 1939இல் அரசின் பொதுப்பணித் திட்டத்தின் துணையோடு சுண்ணாம்புக் கல்லாலான ஊர்வட்ட மண்டபம் எழுந்தது. 1996இல் அவ்வூர் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. இன்று அங்கு வாழ்வோர் மிகச் சிலரே. ஆண்டுதோறும் யூலை மாத இறுதியில், பல திசைகளிலும் சிதறிய வழித்தோன்றல்கள் விடுதலை விழாவுக்காக அங்கே கூடுகின்றனர். புகையிரதம் கைவிட்ட ஊரை மக்கள் கைவிடவில்லை.