பைப் ஆர்கன் இசைத்தட்டின் வரலாறு

பைப் ஆர்கன் தான் நிற்கும் கட்டடத்தோடு ஒன்றிய இசைக்கருவி. துருத்தியிலிருந்து வரும் காற்று நூற்றுக்கணக்கான, பெரிய கருவிகளில் ஆயிரக்கணக்கான குழாய்களை ஒலிக்கச் செய்கிறது. 32 அடிக் குழாய் வரிசையின் அடிநாதம் விநாடிக்குச் சுமார் 16 அதிர்வுகள் மட்டுமே கொண்டது. கற்சுவர்களும் உயர்ந்த விதானமும் அந்த நாதத்தை நீட்டித்துத் தருகின்றன. வயலினைப் போல இதை ஊர் ஊராக எடுத்துச் செல்ல முடியாது. ஆர்கன் கலைஞரின் வாசிப்பைத் தொலைவிலிருந்த ரசிகர்களிடம் சேர்த்ததில் இசைத்தட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

தொடக்க காலத்தில் அது எளிதாக நடக்கவில்லை. ஒலிவாங்கி வருவதற்கு முன், கூம்பு வடிவக் குழல் ஒன்றின் முன்னால் அமர்ந்து வாசித்தே தட்டுகளைப் பதிந்தார்கள். ஆர்கனின் அடிநாதம் அதில் பதியவில்லை. ஜெர்மனியின் வெல்ட்டே நிறுவனம் வேறு வழி கண்டது: விரல் அசைவுகளைக் காகிதச் சுருளில் துளைகளாகப் பதித்து, தானியங்கி ஆர்கனில் திரும்ப ஒலிக்கச் செய்தது. இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர் 1913-இல் இம்முறையில் வாசித்தார்.

1925-இல் மின்வழிப் பதிவு வந்ததும் தேவாலயத்துக்கே ஒலிவாங்கி சென்றது. ஆர்கன் கலைஞர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1935-இல் லண்டனின் ஆல் ஹாலோஸ் தேவாலயத்தில் இசையமைப்பாளர் பாஹின் படைப்புகளைப் பதிந்தார். ஒரு பக்கம் ஐந்து நிமிடம்கூட ஓடாத தட்டுகள் அவை. 1940-இல் குண்டுவீச்சில் அத்தேவாலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. அங்கிருந்த ஆர்கனின் குரல் அத்தட்டுகளில் மிஞ்சியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காந்த நாடாவும், 1948-இல் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டும் முழுத் தொகுப்புகளுக்கு வழி திறந்தன. பார்வையிழந்த கலைஞர் ஹெல்முட் வால்கா 1947-இல் ல்யூபெக் நகரில் பாஹின் ஆர்கன் படைப்புகளைப் பதியத் தொடங்கினார். ஒவ்வொரு குரலையும் பிறர் தனித்தனியே வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்து, பிறகு மனத்திலேயே அவற்றை இணைத்தவர் அவர். 1950-இல் ஜெனீவா போட்டியில் பரிசு பெற்ற மாரி-கிளேர் அலென், பாஹின் முழுத் தொகுப்பை மூன்று முறை பதிந்தார்.

இளைஞர்களுக்குப் போட்டிகள் வாசலாயின. ஆர்கன் கலைஞர் பீட்டர் ஹர்ஃபோர்ட் 1963-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் சர்வதேச ஆர்கன் விழாவைத் தொடங்கினார். 1964-இல் அங்கே வென்ற நியூசிலாந்துப் பெண் கில்லியன் வியர், பின்னாளில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பேராலயத்தில் இசையமைப்பாளர் மெசியானின் ஆர்கன் படைப்புகள் முழுவதையும் பதிந்தார். 1971-இல் பிரான்ஸின் ஷார்த்ர் நகரிலும் போட்டி தொடங்கியது. காலப்போக்கில் சில போட்டிகளில் பரிசுப் பணத்தோடு ஒலிப்பதிவு வாய்ப்பும் சேர்ந்தது. 1982-இல் வந்த குறுந்தட்டில் ஒரு கச்சேரியே அடங்கியது. பாஹ், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசை, சமகாலப் படைப்பு என்று வரிசைப்படுத்தித் தம் ஆற்றலின் பல பக்கங்களை ஒரே தட்டில் காட்ட இளங்கலைஞருக்கு இடம் கிடைத்தது.

ஆர்கன் பதிவில் ஒலிப்பொறியாளரின் பங்கும் பெரிது. ஒலிவாங்கி குழாய்களுக்கு மிக அருகில் இருந்தால் விசைகளின் தடதடப்பும் காற்றின் சீறலும் கேட்கும். விலகி வைத்தால் எதிரொலியில் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். போக்குவரத்து ஓய்ந்த இரவுகளில்தான் பெரும்பாலும் பதிவு நடக்கும். அறையின் வெப்பம் மாறினால் சாதாரணக் குழாய்களின் சுருதி நகரும். உலோக நாக்கு அதிரும் குழாய்களின் சுருதி அவ்வளவாக நகராது. விளைவு, இரண்டும் ஒத்திசையாமல் போகும். வெட்டி ஒட்டும்போதும் முந்தைய சுரத்தின் எதிரொலி அறுந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

ஆர்கன் தட்டுகளோடு வரும் சிறுநூலில் கலைஞரின் வரலாற்றுக்கு அடுத்து, கருவியைக் கட்டியவர் பெயரும் ஆண்டும் குழாய் வரிசைகளின் பட்டியலும் அச்சாவது வழக்கம். இரண்டு ஆர்கன்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் அந்தப் பட்டியல் இன்றியமையாதது. இளங்கலைஞர் ஒருவரின் முதல் தட்டு அவருடைய திறமைக்குச் சான்று; அந்தக் கருவி அந்த ஆண்டில் எப்படி ஒலித்தது என்பதற்கும் அதுவே ஆவணம்.