வீ வர்ச்சுவல் கன்சோல்: பழைய ஆட்டங்களின் மறுவெளியீடு

நிண்டெண்டோ நிறுவனம் 2006 நவம்பரில் வீ கருவியோடு வர்ச்சுவல் கன்சோல் என்னும் பதிவிறக்கச் சேவையைத் தொடங்கியது. 1980, 90களின் நிகழ்பட ஆட்டங்கள் இதன்வழி மீண்டும் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் பொதுவாக என்இஎஸ் ஆட்டம் 5 டாலர், சூப்பர் என்இஎஸ் 8, நிண்டெண்டோ 64 எனில் 10. ஆட்டம் நல்லதா என்பதை விலை சொல்லவில்லை. எந்தக் கருவிக்கு உருவானது என்பதையே சொன்னது.

ஐரோப்பியருக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. அங்கு வந்தவற்றுள் பெரும்பாலானவை பழைய பால் முறைத் தொலைக்காட்சிக்கான பதிப்புகள். நொடிக்கு 60 முறைக்குப் பதில் 50 முறையே படம் புதுப்பிக்கப்பட்டதால், வேகம் திருத்தப்படாத ஆட்டங்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. இசையும் இழுபட்டது, திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. சோனிக் போன்று வேகமே உயிரான ஆட்டத்தில் இது சிறு குறையன்று. புதிய தொலைக்காட்சிகள் 60ஐக் காட்டவல்லவை என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளவும் காரணமில்லை.

காசுக்குத் தகுந்தவை, முன்பு கிடைக்காதவையே. சின் அண்ட் பனிஷ்மென்ட் 2000இல் ஜப்பானில் மட்டும் வெளியானது. அதன் பேச்சுக்குரல்கள் ஆங்கிலத்தில் இருந்தது வேடிக்கை. 2007இல்தான் அது இச்சேவை வழியாக ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சென்றது. வீ கடை 2019 சனவரி 30 அன்று மூடப்பட்டது.