பிரெவே (நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்)

பிரெவே என்பது குறிக்கப்பட்ட நெடுந்தொலைவை, குறிக்கப்பட்ட கால வரம்புக்குள், பிறர் உதவியின்றி மிதிவண்டியில் கடக்கும் சாலைப் பயணம் ஆகும். பிரெஞ்சு மொழியில் இச்சொல் சான்றிதழைக் குறிக்கும். இதில் ஈடுபடுவோர் ரான்டொனர் என அழைக்கப்படுகின்றனர். தொழில்முறை வீரர்களுக்கன்றி ஆர்வலர்களுக்கென அமைந்தது இது. பார்ப்பவர்களுக்குப் பந்தயம் போலத் தோன்றினாலும் இதில் முதலிடம், இரண்டாமிடம் என்ற தரவரிசை கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. முதலில் வந்தவரும், நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் வந்தவரும் ஒரே தகுதியையே பெறுகின்றனர்.

வரலாறு

1897 ஆம் ஆண்டு சூன் 12 அன்று இத்தாலியில் 12 மிதிவண்டியாளர்கள் உரோமிலிருந்து நாப்பொலி வரை ஏறத்தாழ 230 கி.மீ. தொலைவைப் பகலொளி மறையுமுன் கடக்கப் புறப்பட்டனர். துணிவுள்ளவர் எனப் பொருள்படும் 'அவுடாக்சு' என்ற இலத்தீன் சொல் இவர்களுக்குப் பெயராயிற்று. தூர் த பிரான்சு பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு இம்முறையை 1904 இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் உருவான அவுடாக்சு கிளப் பாரிசியன் என்ற சங்கமே இன்று உலகெங்கும் நடைபெறும் பிரெவேக்களுக்குச் சான்றளிக்கிறது. தொடக்கத்தில் அனைவரும் ஒரே வேகத்தில் குழுவாகச் செல்ல வேண்டியிருந்தது. அவரவர் வேகத்தில் செல்லும் முறை 1921 இல் வந்தது.

இத்துறையின் தலையாய நிகழ்வு பாரிசு–பிரெசுத்து–பாரிசு ஆகும். இது 1891 இல் செய்தியாளர் பியர் சிஃபார் முயற்சியால் தொழில்முறைப் பந்தயமாகத் தொடங்கியது. சார்லே தெரோன் சுமார் 71 மணி நேரத்தில் உறங்காமலேயே வென்றார். கழற்றி மாட்டக்கூடிய மிச்செலின் காற்றடைத்த டயர்களை அவர் பயன்படுத்தியிருந்தார். துளை விழுந்தால் விரைவாகச் சரிசெய்ய முடிந்தது அவருக்குப் பேருதவியாயிற்று. 1931 இல் ஆர்வலர்களுக்குத் தனிப்பிரிவு ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே பெண்களும் பயணத்தை முடித்தனர். தொழில்முறைப் பந்தயம் 1951 உடன் நின்றுவிட, ஆர்வலர் பயணமே எஞ்சியது. 1975 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படுகிறது. சக்கர வடிவிலான பாரிசு–பிரெசுத்து என்னும் இனிப்புப் பண்டமும் 1910 இல் இப்பந்தயத்தின் நினைவாகவே செய்யப்பட்டது.

கால வரம்பு

200 கி.மீ. தொலைவுக்கு 13 மணி 30 நிமிடம், 300 கி.மீ.க்கு 20 மணி, 400 கி.மீ.க்கு 27 மணி, 600 கி.மீ.க்கு 40 மணி, 1000 கி.மீ.க்கு 75 மணி என வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. முதல் நான்கையும் ஒரே பருவத்தில் முடிப்பவர் 'சூப்பர் ரான்டொனர்' எனப்படுகிறார். பருவம் நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது.

மணிக்கு 15 கி.மீ. என்பது எளிய வேகமாகவே தோன்றும். ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. உணவு, உறக்கம், டயர் பழுது, வழி தவறுதல் அனைத்தும் அதே நேரத்தில் அடங்கும். 600 கி.மீ. பயணத்தில் ஒருவர் மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் மிதிப்பதற்கே 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஞ்சிய 13 மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில்தான் மற்றவை எல்லாம். எனவே வேகமாக ஓட்டுபவரைவிட வீணாக நிற்காதவரே பெரும்பாலும் நேரத்துக்குள் முடிக்கிறார்.

வழியில் சோதனை நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் முன்னரே அறிவிக்கப்படும். மிக விரைவாகச் சென்றாலும் காத்திருக்க வேண்டியதே. பயண அட்டையில் முத்திரை பெற வேண்டும். ஆளில்லாத இடங்களில் கடை இரசீது, ஏ.டி.எம். சீட்டு ஆகியவை சான்றாக ஏற்கப்படுவதும் உண்டு. உதவி வண்டி பின்தொடரக் கூடாது. இரவில் முன் பின் விளக்குகளும் ஒளி தெறிக்கும் மேலாடையும் கட்டாயம்.

உடல்நல இடர்கள்

கைப்பிடியில் நெடுநேரம் சாய்ந்திருப்பதால் உள்ளங்கை நரம்பு அழுத்தப்பட்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இருக்கையில் உராய்வுப் புண்கள் ஏற்படும். வெயிலில் உப்பின்றி நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் குருதியில் சோடியம் குறைந்து குழப்பமும் மயக்கமும் நேரலாம். இது நீரிழப்பைப் போன்றே தோன்றுவதால் மேலும் நீரைக் குடிக்கத் தூண்டும், அதுவே இதன் ஆபத்து. இவை அனைத்தினும் கொடியது உறக்கமின்மை. விடியலுக்கு முந்தைய மணிகளில் ஓட்டும்போதே கண் அயர்பவர்கள் உண்டு. பேருந்து நிழற்குடையில் இருபது நிமிடம் படுத்தெழுவது நேர இழப்பாகத் தெரிந்தாலும் உயிர் காக்கும் செயலாகும்.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் அவுடாக்சு இந்தியா ரான்டொனர்சு என்ற அமைப்பின்கீழ் பிரெவேக்கள் நடைபெறுகின்றன. சென்னையில் மெட்ராசு ரான்டொனர்சு சங்கம் இவற்றை நடத்திவருகிறது. தொலைவை உணர ஓர் ஒப்பீடு உதவும். சென்னையிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாக, கடலூர் மாவட்டத்தின் மங்களூர், விருத்தாசலம் வட்டாரத்துக்கு அருகில் தொழுதூரைக் கடந்து திருச்சி சேர ஏறத்தாழ 330 கி.மீ. ஆகும். பாரிசு–பிரெசுத்து–பாரிசு இதைப்போல் சற்றொப்ப நான்கு மடங்கு. இச்சாலை நான்கு வழியாக்கப்பட்டபோது ஓரத்து மரங்கள் வெட்டப்பட்டதால், நண்பகலில் நிழல் அரிது. எதிர்த்திசையில் ஓரமாக வரும் இரு சக்கர வண்டிகளும், இரவில் விளக்கின்றி நிற்கும் சரக்குந்துகளும் மிதிவண்டியாளர்களுக்குப் பேரிடராக உள்ளன.

2019 ஆம் ஆண்டுப் பாரிசு–பிரெசுத்து–பாரிசுக்கு இந்தியாவிலிருந்து 300க்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் 90 மணி நேரத்துக்குள் முடிக்க இயலவில்லை. எதிர்க்காற்றும், கடுங்குளிர் இரவுகளும், 11,000 மீட்டருக்கும் மிகுந்த மொத்த ஏற்றமும் சமவெளி வெயிலில் பழகியவர்களைச் சோர்வுறச் செய்தன. ஆதரவுக் குழுவுடன் ஓட்டப்படும் 'அமெரிக்காவைக் கடக்கும் பந்தயம்' வேறு வகையைச் சேர்ந்தது. அதனைத் தனியாக முடித்த முதல் இந்தியர் படைத்துறை மருத்துவர் சீனிவாஸ் கோகுல்நாத் ஆவார் (2017). அதே ஆண்டில் அமித் சமர்த்தும் சில மணி நேரம் கழித்து முடித்தார்.