காப்பாற்ற வந்த படை

ஏழை எளியோருக்கு உதவ அரசு முன்வருகிறது என்றால் அகமகிழ்கிறோம். ஆனால், உதவிக்கு வரும் அரசு படையையும் உடன் அழைத்து வருமானால், உதவி யாருக்கு, படை யார்மீது என்று கேட்க வேண்டியவர்களாகிறோம். 2007 ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் வட மண்டலத்திலே வாழும் தொல்குடி மக்கள் இந்த வினாவை எழுப்பினர். அதற்கான விடை இன்றும் முழுமை பெறவில்லை.

அங்கே குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. ரெக்ஸ் வைல்டு, பாட் ஆண்டர்சன் ஆகிய இருவரும் தொல்குடிக் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்து, குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதை எடுத்துக்காட்டி அறிக்கை தந்தனர். நெஞ்சுள்ள எவரும் படித்து நடுங்கும் அறிக்கை அது. அதிலே 97 பரிந்துரைகள் இருந்தன. முதற்பரிந்துரையே, திட்டம் எதுவாயினும் அம்மக்களை உண்மையாகக் கலந்து வகுத்திடுக என்று அரசுகளை வற்புறுத்திற்று.

அரசு செய்தது யாது? 2007 சூன் 21 அன்று தலைமை அமைச்சர் ஜான் ஹோவர்டு நெருக்கடி நிலை என்றார். படைவீரரும் காவலரும் சென்றனர். இரண்டே திங்களில் சட்டம் நிறைவேறிற்று. 73 குடியிருப்புகளில், அரசின் உதவித்தொகையிலே பாதியை இன்னின்ன பொருளுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டளை வந்தது. குழந்தையைக் கண்ணென வளர்த்த தாய்க்கும் அதே கட்டளை. குடித்துக் கெட்டவனுக்கும் அதே கட்டளை! குடியிருப்பு நிலங்களை ஐந்தாண்டுக் கட்டாயக் குத்தகையாக அரசு எடுத்துக்கொண்டது. இவ்வளவும் செய்ய இனப்பாகுபாட்டைத் தடுக்கும் 1975 ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. எனவே அச்சட்டத்தையே ஒதுக்கி வைத்தனர். காவல் நிலையங்கள் வந்தன, மருத்துவச் சோதனைகள் நடந்தன. அவற்றை வரவேற்ற தொல்குடியினரும் உண்டு. ஆயின், முதற்பரிந்துரை ஏட்டளவில் நின்றது.

படைவீரரைக் கண்டு அஞ்சிய தாய்மாருக்கு வரலாறு தெரியும். 1910 ஆம் ஆண்டுச் சட்டம், தலைமைக் காப்பாளர் என்றோர் அதிகாரியை ஏற்படுத்தி, வட மண்டலத்துத் தொல்குடிக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அவரே சட்டப்படிப் பாதுகாவலர் என்றது. பெற்றவள் இருக்கவே பிள்ளைக்கு வேறொரு காப்பாளர்! காப்பு என்ற பெயராலேயே தாயிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். அந்தக் கொடுமைக்காக, 2008 பிப்ரவரி 13 அன்று, புதிய தலைமை அமைச்சர் கெவின் ரட் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார். அன்றும் வட மண்டலத்திலே அந்த நெருக்கடிச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை மீண்டும் அங்கே உயிர்ப்பிக்க 2010 ஆம் ஆண்டிலேதான் வழி செய்தனர்.

2012 இல் வேறு பெயரில் பத்தாண்டுச் சட்டம் வந்தது. 2022 சூலையில் அது முடிவுற்றபோது பல குடியிருப்புகளின் மதுத்தடையும் உடன் முடிந்தது. திடீரென்று எடுத்தால் தீங்கு விளையும் என்று தொல்குடி அமைப்புகள் எச்சரித்திருந்தன. எச்சரித்தபடியே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலே வன்முறை பெருகிற்று. 2023 சனவரியில் தலைமை அமைச்சர் ஆல்பனீசி அங்கு விரைந்தார். தடை மீண்டும் வந்தது. விதித்தபோதும் கேட்கவில்லை, விலக்கியபோதும் கேட்கவில்லை!

கேட்பதற்கென்றே அரசியல் சட்டத்தில் ஓர் ஆலோசனை மன்றம் அமைக்கலாமா என்று 2023 அக்டோபர் 14 அன்று வாக்கெடுத்தனர். வாக்களித்தோரில் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர்.

ஆயினும் வேறு வழியும் அம்மண்ணிலேயே உண்டு. 1973 இல் ஆலிஸ் ஸ்பிரிங்சிலே தொல்குடியினர் தாமே தொடங்கிய காங்கிரஸ் என்னும் அமைப்பு, மருத்துவ நிலையங்களை நடத்தி இன்றும் பணியாற்றுகிறது. ஆட்சிகள் மாறின, திட்டங்களின் பெயர்கள் மாறின; அது நிலைத்தது. காரணம், அதை நடத்துவோர் அம்மக்களே.

அரசின் உறுதியை அறிவிப்பின் வேகத்தாலும் அனுப்பிய படையின் அளவாலும் அளத்தல் தகாது. அம்மக்களைக் கேட்டுத் தொடங்கிற்றா, அவர்கள் கையில் பொறுப்பைத் தந்ததா, கெடு முடிந்த மறுநாளும் உடன் நின்றதா? இம்மூன்றுமே அளவுகோல். எந்நாட்டு அரசு எளியோரைக் காக்க வருகிறேன் என்றாலும், இந்த அளவுகோலைக் கையிலெடுப்பது நம் கடமை.