வரலாற்று ஆராய்ச்சி முறைக் கல்வி

வரலாற்று ஆராய்ச்சி முறைக் கல்வி என்பது, சான்றுகளைத் தேடவும், அவற்றின் நம்பகத்தைச் சோதிக்கவும், ஒன்றோடொன்று ஒப்பிடவும், பெற்ற முடிவை ஆதாரம் காட்டி எழுதவும் பல்கலைக்கழகம் மாணவருக்கு அளிக்கும் பயிற்சி. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இது பெரும்பாலும் வரலாற்று வரைவியலோடு இணைத்தே கற்பிக்கப்படுகிறது.

இப்பயிற்சிக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் லியோபோல்ட் வான் ராங்கே. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர்களோடு அமர்ந்து மூல ஆவணங்களை ஆராய்ந்தார். 1898இல் லாங்லுவாவும் செய்ஞோபோசும் பிரெஞ்சில் எழுதிய கையேடு, புறத் திறனாய்வு, அகத் திறனாய்வு என்ற பாகுபாட்டைப் பரவலாக்கியது. ஆவணம் எப்போது, யாரால் எழுதப்பட்டது, போலியா என்று பார்ப்பது புறத் திறனாய்வு. அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பது அகத் திறனாய்வு.

தென்னிந்தியாவில் இக்கல்விக்கான அடித்தளம் வகுப்பறைக்கு வெளியே இடப்பட்டது. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை ஹுல்ட்ஸ் 1890இல் வெளியிட்டார். 1909இல் எழும்பூரில் சென்னை ஆவணக் காப்பகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் துறை தொடங்கி, எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் முதல் பேராசிரியரானார். 1929இல் அவருக்குப் பின் வந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, தென்னிந்திய வரலாற்றுச் சிக்கல்களை முன்வைத்து ஆராய்ச்சி முறையை விளக்கிய நூலைப் பல்கலைக்கழகம் 1941இல் வெளியிட்டது. எச். எஸ். ரமண்ணாவுடன் சேர்ந்து அதை இந்தியா முழுமைக்குமாக விரித்து 1956இல் வெளியிட்டார். ஐரோப்பிய எடுத்துக்காட்டுகளையே மனப்பாடம் செய்துவந்த மாணவர்களுக்குக் கல்வெட்டையும் செப்பேட்டையும் கொண்டு முறையைக் கற்பித்தது இந்நூல்களின் பெரும் பங்களிப்பு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லை இன்றைய கேரளம் வரை நீண்டிருந்தது: மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். பாலக்காடு விக்டோரியா கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1956இல் வாளையாறு மாநில எல்லையானபின் அப்பகுதிக் கல்லூரிகள் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும், 1968இல் புதிதாகத் தோன்றிய கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கும் மாறின.

சான்று தேடும் பயிற்சிக்கு இந்த எல்லைப் பகுதியைப் போல் பொருத்தமான களம் அரிது. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் ஒரே வணிகப் பாதை ஓடினாலும், ஆவணங்கள் ஒரே வழியில் வரவில்லை. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபார் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சேர்ந்தது. கோயம்புத்தூரோ திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல்தான் சேர்ந்தது. மலபார் முதலில் பம்பாய் மாகாணத்தின்கீழ் இருந்து, 1800இல் சென்னைக்கு மாற்றப்பட்டது. எனவே அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி எழும்பூரில் மட்டும் தேடும் மாணவர் பாதிக் கதையோடு திரும்புவார்; பம்பாய் ஆவணங்களையும் அவர் பார்த்தாக வேண்டும். மலபார் ஆட்சியர் அலுவலகக் கோப்புகளுக்குக் கோழிக்கோடு வட்டார ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும்.

அகத் திறனாய்வுக்கும் இங்கே நல்ல பாடங்கள் உண்டு. 1800இல் பிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூர் வழியாக மலபாருக்குள் நுழைந்து பயிர், தொழில், சாதி பற்றியெல்லாம் குறித்துவைத்தார். அவரது பயண நூல் 1807இல் வெளிவந்தது. அவர் கண்ணால் கண்டது எது, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டது எது, கவர்னர் ஜெனரல் அறிய விரும்பியதால் எழுதியது எது என்று பிரித்துப் படிப்பதே பயிற்சி. 1887இல் வெளியான வில்லியம் லோகனின் மலபார் கையேட்டையும், அதே ஆண்டில் வெளியான நிக்கல்சனின் கோயம்புத்தூர் கையேட்டையும் அருகருகே வைத்துப் படித்தால், நிலவுரிமை பற்றிய ஒரே கேள்வியை இரு அதிகாரிகள் எப்படி வெவ்வேறாக அணுகினார்கள் என்பது புலப்படும்.

ஒரே சான்றிலிருந்து வேறு முடிவு பிறக்கலாம் என்பதற்குக் கேரளத்துச் சேரப் பெருமாள்கள் பற்றிய விவாதம் சிறந்த எடுத்துக்காட்டு. வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை வட்டெழுத்துக் கல்வெட்டுகளைக் கொண்டு அவர்களை வலிமைமிக்க பேரரசர்களாகக் கண்டார். 1976 முதல் 1990 வரை கோழிக்கோடு பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்குத் தலைமை வகித்த எம். ஜி. எஸ். நாராயணன் அதே கல்வெட்டுகளை மீண்டும் படித்துக் காலவரிசையைத் திருத்தினார். பிற்காலத்தில் பெருமாளின் அதிகாரம் பெரிதும் சடங்குசார்ந்தது என்ற கருத்துக்கும் வந்தார். தமிழகத்தில் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளிலுள்ள பெயர்களைத் தொகுத்து எண்ணிக்கை வழியே ஆராய்ந்தனர். தொரு மட்சுயியுடன் சேர்ந்து அவர்கள் தொகுத்த பெயரடைவு 1978இல் வெளிவந்தது. தேர்ந்தெடுத்த சில கல்வெட்டுகளை மட்டும் மேற்கோள் காட்டும் பழக்கத்துக்கு அது சரியான மாற்று.

பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதிகள் முனைவர் பட்ட மாணவருக்கு ஆராய்ச்சி முறை பற்றிய பாடநெறியைக் கட்டாயமாக்கின. 2022ஆம் ஆண்டு விதிகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தின. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழகச் சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதும் வாய்ப்பு அப்பட்டத்தில் இருந்தது. இப்போது அந்தப் பழக்கத்தை முதுகலை ஆய்வேட்டிலோ முனைவர் பட்டத்தின் தொடக்கத்திலோ பெற வேண்டியிருக்கிறது.